உப்புக்காற்றுக் கரையில் கண்ணாடி துடைக்கும் தொழில்: வைப்பரா, தண்ணீர்க் கழியா?

ராமேசுவரத்தில் கடலைப் பார்த்திருக்கும் விடுதிக் கண்ணாடியை விடியற்காலையில் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஈரம் ஒட்டும். பத்து மணி வெயிலில் அதே கண்ணாடி வெள்ளை பூத்து நிற்கும். இடையில் புதிதாக அழுக்கு எதுவும் சேரவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் கறியுப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். ஈரப்பதம் இறங்கியதும் மறுபடி படிகமாகும். தொண்டி தொடங்கி வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் கண்ணாடி துடைப்பவர் தினமும் மல்லுக்கு நிற்பது இந்த உப்போடுதான். தூசியெல்லாம் அதற்குப் பிறகு.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ரப்பர் வைப்பரும் வாளியும் வாங்கித் தொடங்குவதா, இல்லை வெளியூர்களில் பார்த்த அந்தத் தண்ணீர் ஏறும் நீளக் கழியை வாங்குவதா என்பது. இரண்டும் என்ன செய்கின்றன என்று ஒருமுறை தெளிவாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வைப்பர் முறையில் சோப்புத் தண்ணீர் அழுக்கை இளக்குகிறது. ரப்பர் பட்டை அழுக்கையும் தண்ணீரையும் ஒருசேர வழித்தெடுத்துவிடுகிறது. கண்ணாடியில் தண்ணீர் மிஞ்சுவதில்லை. கழி முறையில் உப்பு நீக்கிய தண்ணீர் கழிக்குள் ஓடும் குழாய் வழியாக மேலே பிரஷுக்குப் போகிறது. பிரஷ் தேய்க்கிறது, தண்ணீர் அலசுகிறது, மிச்சத் தண்ணீர் கண்ணாடியிலேயே காய்கிறது. யாரும் துடைப்பதில்லை. ஆகவே தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது கண்ணாடியில் தங்கிவிடும். வைப்பருக்குச் சுமாரான தண்ணீர் போதும், கழிக்குப் போதாது. நல்ல தண்ணீருக்கே தள்ளுவண்டியில் குடத்தோடு அலையும் ராமநாதபுரம் மாவட்டத்தில், கழி வாங்குவதா வேண்டாமா என்பதைக் கழியின் விலையை வைத்து முடிவு செய்ய முடியாது. உங்கள் தண்ணீர்தான் முடிவு செய்யும்.

முதல் செலவு: டிடிஎஸ் மீட்டர்

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு. அதைக் காட்டுவது ஆர்ஓ மெக்கானிக்குகள் சட்டைப்பையில் வைத்திருக்கும் பேனா போன்ற மீட்டர்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கழியோ பிரஷோ வாங்கும் முன் இதை வாங்கி, உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரையும் அளந்து எழுதி வையுங்கள்: வீட்டு போர், தெருக்குழாய்க் காவிரித் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர், மழைத் தண்ணீர். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்லும் ஏற்புடைய அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதி. கடல் தண்ணீர் சுமார் 35,000. கடலோர போர் பலவற்றில் 2000-ஐத் தாண்டிய எண் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கழி முறைக்கு வேண்டியது பூஜ்யம் முதல் 5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்தான்). 10 வரை ஒப்பேற்றலாம். அதற்கு மேல் போனால் வெயில் பட்டதும் புள்ளி தெரியும், கருப்புக் கண்ணாடியில் இன்னும் பளிச்சென்று தெரியும். குடிக்க இனிப்பாக இருக்கும் 60 பிபிஎம் கேன் தண்ணீரும் இந்த வேலைக்குக் கெட்ட தண்ணீர்தான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஎம் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

மீட்டர் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. கழுவித் துடைத்த கருப்புக் கண்ணாடித் துண்டின்மேல் மூன்று சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். வளையம் விழுந்தால் அந்தத் தண்ணீர் ஜன்னலுக்கு ஆகாது.

தண்ணீரைத் தயாரிப்பது

வரிசை இது: 5 மைக்ரான் நூல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்ஓ மெம்பிரேன், கடைசியில் டிஐ ரெசின், அதாவது மிஞ்சிய உப்பைப் பிடித்துக்கொள்ளும் கலப்புப் படுகை ரெசின் மணிகள். நூல் ஃபில்டர் மண்ணைப் பிடிக்கும். கார்பன் குளோரினைப் பிடிக்கும்; குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை நேரே விட்டால் மெம்பிரேன் சில மாதத்தில் பாழ். மெம்பிரேன் கரைந்த உப்பில் ஏறக்குறைய 95 சதவீதத்தைத் தள்ளிவிடும். மிச்சத்தை ரெசின் விழுங்கும்.

ரெசினின் கணக்கைக் கையில் போட்டுப் பார்க்காமல் இந்தத் தொழிலில் இறங்கக் கூடாது. கலப்புப் படுகை ரெசின் 1 லிட்டர், தோராயமாக 25 கிராம் உப்பைப் பிடித்ததும் தீர்ந்துவிடும். உங்கள் போர் 3000 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்ஓ தாண்டி வருவது 150. ஒரு லிட்டரில் 150 மில்லிகிராம் என்றால், 1 லிட்டர் ரெசின் 165 லிட்டர் தண்ணீருக்கு மேல் தாங்காது. கழி வேலைக்கு ஒருவர் ஒரு நாளில் 300 லிட்டர் செலவழிப்பார். அன்றாடம் இரண்டு லிட்டர் ரெசின் கரையும். வரும் கூலி ரெசினுக்கே சரியாகிவிடும். அதே கணக்கில் 600 பிபிஎம் தண்ணீரை எடுத்துக்கொண்டால் ஆர்ஓவுக்குப் பிறகு 30 பிபிஎம். 1 லிட்டர் ரெசின் 800 லிட்டருக்கு மேல் வரும். இதில் தொழில் நடத்தலாம். உப்புப் போரைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், ஆர்ஓ தண்ணீரையே இன்னொரு ஆர்ஓவில் விட்டு எடுக்க வேண்டும். 150 என்பது 10-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும், 1 லிட்டர் ரெசினும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். ஆனால் கரண்டும் கழிவுத் தண்ணீரும் கூடும்.

கழிவு சாதாரணமல்ல. உப்புத் தண்ணீரில் 1 லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க 2 லிட்டர் வெளியே போகும். 300 லிட்டருக்கு 900 லிட்டர் இறைக்க வேண்டும். அந்தக் கழிவைக் கழிப்பறைக்கு விடலாம், முற்றம் கழுவலாம். கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினால் செடி செத்துப்போகும்.

சமையலறை ஆர்ஓ மணிக்கு 10 முதல் 15 லிட்டர்தான் தரும். இரவெல்லாம் ஓடினாலும் ஒரு நாள் வேலைக்குப் போதாது. மணிக்கு 50 லிட்டர் தரும் சிறு வணிக ஆர்ஓ வேண்டும். இல்லையென்றால் ஊரிலேயே கேன் தண்ணீர் ஆலையில் மொத்தமாக வாங்கி, வீட்டில் ரெசின் மட்டும் வைத்து விடுங்கள். தொடக்கத்தில் இதுவே நல்ல வழி. ஆலைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வாங்க வேண்டும்: ருசிக்காக மூலத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டிடிஎஸ் கன்ட்ரோலரையும் மினரல் கலப்பையும் தாண்டாத தண்ணீர். கலப்பதற்கு முன்பே பிடித்த தண்ணீரில் பாதி ரெசின் மிச்சமாகும்.

மழைக்காலத்தில் இன்னொரு வழி திறக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் குழாய் இருக்கிறது, தொட்டிதான் இல்லை. 100 சதுர மீட்டர் மாடியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2500 லிட்டர் விழும். வழியில் போனது போக 2000 தேறும். முதல் பத்து நிமிட மழை மாடியில் கிடக்கும் உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு பிடிப்பதை அளந்தால் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீரைவிடக் குறைவாகவே இருக்கும். நூல் ஃபில்டர், ரெசின், அவ்வளவுதான். கழிவே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கருப்பு சின்டெக்ஸ் தொட்டியில் நிரப்பி மூடி வையுங்கள்.

கவனிக்க வேண்டிய இரண்டு. ஆர்ஓவை நிறுத்தி வைத்து மறுபடி போட்டதும் முதலில் வரும் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருக்கும். ஐந்து நிமிடம் வெளியே விட்டுப் பிறகு ரெசினுக்குத் திருப்புங்கள். ரெசினுக்குப் பிறகு மீட்டர் 5 காட்டியதும் மாற்றத் தயாராகுங்கள், 10 வரை இழுக்காதீர்கள். தீரும் தறுவாயில் ரெசின் முதலில் நழுவவிடுவது சிலிக்காவை. மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. சிலிக்கா அதில் சரியாகத் தெரியாது, கண்ணாடியில் மட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

வைப்பரில் கை பழகுங்கள்

கழி வாங்கினாலும் வைப்பர் பழகித்தான் ஆக வேண்டும். கண்ணாடியின் உள்பக்கத்துக்கு வேறு வழி இல்லை. ஆகவே ஒரு மாதமாவது வாளியோடு வேலை செய்யுங்கள்.

வேண்டியவை: 14 அங்குல வைப்பர், சின்ன கண்ணாடிக்கு 10 அங்குலம், நனைத்துத் தேய்க்கும் உறை மாட்டிய டி-கட்டை, 10 லிட்டர் வாளி இரண்டு, 10 அடி நீட்டுக் கழி, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த துணி. புதுத் துணியில் பிசிர் உதிரும்; பல தடவை வெளுத்த வேட்டிக்கு ஈடு கடையில் இல்லை. ரப்பர் வாங்கும்போது கடினமான வகை கேளுங்கள், நம் வெயிலில் மென்மையானது குழைந்துவிடும். வைப்பரின் உலோகம் பித்தளையாகவோ நல்ல துருப்பிடிக்கா எஃகாகவோ இருக்கட்டும்.

முதல் படி துடைப்பதல்ல, நனைப்பது. இந்தக் கரைக் கண்ணாடியில் உப்போடு மணலும் ஒட்டியிருக்கும். காய்ந்த துணியால் ஒரு இழு இழுத்தால் கீறல் நிச்சயம். முதல் வாளித் தண்ணீரால் மேலிருந்து கீழே நன்றாக ஊற்றியோ தெளித்தோ உப்பைக் கரைத்து இறக்குங்கள். ஒரு நிமிடம் விடுங்கள். சட்டத்தையும் கீழ்த் தண்டவாளத்தையும் தேங்காய் நார் பிரஷால் தள்ளுங்கள்.

இரண்டாவது வாளியில் 10 லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் 10 மில்லி, இரண்டு டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம். உப்புத் தண்ணீரில் நுரை வரவில்லையென்று கூட்டிக்கொண்டே போனால் கண்ணாடியில் பால் போல் படலம் நிற்கும். போர் தண்ணீர் 1500-ஐத் தாண்டினால் இந்த வாளிக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ வையுங்கள். ஒரு மாடி வீட்டுக்கு ஒன்றரைக் கேன் போதும். கழிக்கும் வாளிக்கும் உள்ள தண்ணீர்க் கணக்கு வித்தியாசம் இங்கேதான் உறைக்கும்.

டி-கட்டையால் விளிம்பு முதல் நடு வரை தேய்த்தபின், வைப்பரின் ஒரு முனையை மேல் ஓரத்தில் வைத்து ஒரு அங்குல அகலம் மட்டும் உலர்த்துங்கள். வைப்பர் எப்போதும் உலர்ந்த இடத்தில் தொடங்க வேண்டும். ஈரத்தில் வைத்தால் மேலே கோடு விழும். அங்கிருந்து நேராகக் கீழே இழுங்கள். கைப்பிடி கண்ணாடியோடு 30 பாகை சாய்வு. அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் இரண்டு அங்குலம் ஏறி வர வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துணியில் ஒற்றுங்கள். பாம்பு நெளிவதுபோல ஒரே வீச்சில் இழுக்கும் முறையைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். அது பார்க்க அழகு, வெயிலில் உண்மையில் வேகம். கடைசியில் நான்கு ஓரத்தையும் வேட்டித் துணியை விரலில் சுற்றி ஒரு தடவை. நடுவைத் தொடாதீர்கள்.

நேராக ஒரே இடத்தில் கோடு விழுந்துகொண்டே இருந்தால் ரப்பரில் வெட்டு. எடுத்துத் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் தேய்ந்தால் மாற்றுங்கள். ரப்பரில் காசு மிச்சம் பிடிப்பது கெட்ட சிக்கனம்.

தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள வீடு என்றால் நீட்டுக் கழியில் வைப்பரை மாட்டியே முடித்துவிடலாம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். ஏணி போட்டால் நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே தள்ளி வையுங்கள். மணலில் ஏணிக்கால் ஒரு பக்கமாக இறங்கும், அடியில் பலகை போடாமல் ஏறக் கூடாது. கயிற்றில் தொங்கும் வேலை இந்தக் கட்டுரைக்குள் வராது. முறையாகப் பயிற்சி எடுத்தவருக்கே அது.

கழி

கழி தன் செலவுக்கு வேலை செய்வது இரண்டாவது, மூன்றாவது மாடியில். ராமேசுவரத்தில் ரத வீதிகளைச் சுற்றிய விடுதிகள், ராமநாதபுரத்தில் முகப்பெல்லாம் கண்ணாடி போட்ட கடைகள், மருத்துவமனைகள். இன்னொரு இடமும் உண்டு. கீழக்கரையில் மாடி ஜன்னல் அருகே ஏணி சாத்தி ஆள் ஏறுவதை வீட்டுப் பெண்கள் விரும்பமாட்டார்கள். கீழே நின்றே முடிக்கும் கழிக்கு அங்கே மரியாதை அதிகம். எந்த முறையானாலும் எந்த நேரம் எந்தப் பக்கம் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நீளம்: முதல் மாடிக்கு 20 அடி, இரண்டாவதுக்கு 30, மூன்றாவதுக்கு 40. கழி சாய்ந்தே நிற்கும் என்பதால் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வாங்க வேண்டும். 20 அடிக்கு கண்ணாடி இழைக் கழி போதும். 30-க்கு மேல் அது வளையும், பாரமும் தோளை உடைக்கும்; அங்கே கார்பன் கலந்தது வேண்டும். பிரஷ் 12 அங்குலம், நைலான் இழை, தண்ணீர் பீய்ச்சும் இரண்டு நாசி. குழாய் உள்விட்டம் 6 மில்லிமீட்டர், குறைந்தது 150 அடி. தண்ணீரை நிறுத்தித் திறக்கக் கையருகே ஒரு வால்வு. இது இல்லையென்றால் ஜன்னல் மாறும்போதெல்லாம் நல்ல தண்ணீர் தெருவில் ஓடும்.

பம்ப்புக்கு அலைய வேண்டாம். வயலுக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் அதே 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் போதும். 30 அடி தண்ணீர் ஏறவே 13 பிஎஸ்ஐ அழுத்தம் செலவாகும்; 80 முதல் 100 பிஎஸ்ஐ பம்ப் வாங்கினால் பிரஷ் முனையில் வேண்டிய நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் கிடைக்கும். புதிய 16 லிட்டர் ஸ்பிரேயரையே முதுகில் மாட்டி முதல் சில வேலைகளைப் பழகலாம், பத்து நிமிடம் வரும். மருந்தடித்த பழைய ஸ்பிரேயர் மட்டும் வேண்டாம், எத்தனை கழுவினாலும். வண்டியில் 300 லிட்டர் தொட்டி வைத்தால் அது 300 கிலோ. இறுக்கிக் கட்டுங்கள்; பாதித் தொட்டியோடு வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒரு பக்கமாகச் சாயும்.

வேலை வரிசை. எல்லா ஜன்னலும் சாத்தித் தாழிட்டிருக்கிறதா என்று உள்ளே ஆளை விட்டுப் பாருங்கள். கழியை நீட்டும் முன் பிரஷில் வரும் தண்ணீரை ஒருமுறை அளந்துவிடுங்கள். கழியை மேலிருந்து ஒவ்வொரு பகுதியாக நீட்டிப் பூட்டுங்கள், அடிப் பகுதி கடைசி. ஜன்னலுக்கு நேரே நில்லுங்கள். தரையோடு 65 முதல் 70 பாகை சாய்வு. முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டியைப் பிடிப்பதுபோல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் கழுத்து போகும். ஒரு கை நெஞ்சளவில், ஒரு கை இடுப்பளவில், கால்தான் நகர வேண்டும்.

முதலில் மேல்சட்டம். நன்றாகத் தேய்த்து, அதிலிருந்து தண்ணீர் கலங்கலில்லாமல் இறங்கும் வரை அலசுங்கள். புதியவர்கள் கெடுக்கும் இடம் இதுதான். சட்டத்தின் இடுக்கில் தங்கிய உப்பு, நீங்கள் அடுத்த ஜன்னலுக்குப் போனபின் மெல்லச் சொட்டிக் கண்ணாடியில் கோடு போடும். பிறகு பக்கச் சட்டம், பிறகு கண்ணாடி: மேலும் கீழுமாகத் தேய்த்து, ஓரங்களில் குறுக்காக ஒருமுறை. கடைசி அலசல் மேல் விளிம்பில் தொடங்கி, இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து, கீழே இறங்காமல் தண்ணீரைத் தானே வழியவிடுவது. கீழ்த்திண்டை அலசி முடித்ததும் பிரஷை எடுத்துவிடுங்கள். துடைக்காதீர்கள். சொட்டுகள் கண்ணாடியில் நிற்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும், விட்டுவிடுங்கள்.

உப்பு கனமாக இருக்கும் கடல்முகக் கண்ணாடிக்கு, முதல் அலசலைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஹோஸால் செய்து உப்பை இறக்கிவிட்டு, காய்வதற்குள் சுத்தத் தண்ணீரோடு கழியை ஏற்றுங்கள். சுத்தத் தண்ணீர் பாதியாகக் குறையும். போர் உப்பென்றால் இந்த யோசனை வேண்டாம்.

வருடக்கணக்கில் தொடாத கண்ணாடிக்குக் கழியால் ஒரு தடவை போதாது. இரண்டு முறை செய்ய வேண்டும் என்று விலை பேசும்போதே சொல்லுங்கள். சீமைக் கருவேல் கரி மூட்டம் போடும் ஊர்களில் கண்ணாடியில் பிசினாகப் படியும் புகைக்கு வெறும் தண்ணீர் எடுபடாது. முதல் தடவை சோப்பும் வைப்பரும், அடுத்த தடவையிலிருந்து கழி.

கழி ஆகாத ஜன்னல்கள்: லூவர் கண்ணாடி, பழைய மரச்சட்டத்தில் புட்டி உதிர்ந்தவை, தண்ணீர் வெளியேறும் துளை மணலால் அடைத்த அலுமினிய ஸ்லைடிங், ஜன்னல் ஏசி மாட்டிய இடம், தொட்டால் கையில் வெள்ளையாக ஒட்டும் பழைய பெயின்ட் சட்டம். கடைசியதில் எவ்வளவு அலசினாலும் பால் வழியும். இவற்றில் வாளியை எடுங்கள்.

கம்பியும் காற்றும்

கார்பனும் அலுமினியமும் மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி இழை கடத்தாது என்பார்கள். உப்பு ஈரம் படிந்து, உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடும் கழியை நம்பாதீர்கள். கழியை முழுதும் நீட்டி அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம், அதற்கு மேல் 10 அடி. அந்த இடைவெளி இல்லாத பக்கத்தில் கழி வேலையே கிடையாது. குறுகிய தெருக்களில் கம்பி மாடிக் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஜன்னலை உள்ளிருந்து திறந்து வைப்பரால் செய்யுங்கள், முடியாவிட்டால் வேலையை விடுங்கள்.

காற்றுக்கு இந்தக் கரையில் தனிக் கணக்கு. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். கழிக்கு அதில் பாதியே அதிகம். தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் 20 அடிக்கு மேல் நீட்டாதீர்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், மீனவர்கள் ஆண் கடல் என்று சொல்லும் தெற்குக் கடல், கொந்தளிக்கும். தெற்கு பார்த்த கண்ணாடியில் வாரத்துக்குள் உப்பு ஏறும். வாடைக் காலத்தில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கத்துக்கு முறை மாறும். மாத ஒப்பந்தம் பேசும்போது நான்கு பக்கத்துக்கும் ஒரே இடைவெளி போடாமல், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரட்டிப்பாகப் போடுங்கள். வாடிக்கையாளருக்குக் காசு மிச்சம், உங்களுக்குத் தண்ணீர் மிச்சம்.

நேரம்: காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர். நடுவெயிலில் சோப்பும் காயும், அலசும் முன் உப்பும் காயும். ராமேசுவரத்தில் ஆடி, தை அமாவாசைகளிலும் மகாளய அமாவாசையிலும் தெருவில் குழாய் போட இடமிருக்காது. அந்த நாட்களுக்கு முந்திய வாரத்தில் விடுதிகளுக்கு வேலை இருக்கும், அன்றைக்கு இருக்காது.

போகாத கறை

போர் தண்ணீர் தெறித்துத் தெறித்துப் படிந்த வெள்ளைத் திட்டு உப்பல்ல, சுண்ணாம்பு. கழியும் போக்காது, சோப்பும் போக்காது. 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலத்தூள் கரைத்துத் துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டவைத்து அலசுங்கள். அலுமினியச் சட்டத்திலும் பளிங்குத் திண்டிலும் படக் கூடாது. பட்டால் உடனே தண்ணீர். இரண்டு முறைக்குப் பிறகும் போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது என்று பொருள், அதை வாடிக்கையாளரிடம் தொடங்கும் முன்பே காட்டிவிடுங்கள். கழிப்பறை ஆசிட் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்: சட்டம் கருக்கும், ரப்பர் பீடிங் வெடிக்கும், பழி உங்கள்மேல் வரும். கண்ணாடி பிளேடால் சுரண்டுவதும் ஈரக் கண்ணாடியில் மட்டுமே. சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியிலும் பூச்சு போட்ட பிரதிபலிப்புக் கண்ணாடியிலும் அதையும் செய்யாதீர்கள்.

புள்ளி விழுந்தால் காரணம் எங்கே என்று பாருங்கள். கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் புள்ளி என்றால் தண்ணீர் கெட்டது, மீட்டரை வையுங்கள். மேல்சட்டத்திலிருந்து கோடாக இறங்கினால் சட்டம் அலசவில்லை. கீழ்ப் பாதியில் மட்டும் என்றால் கடைசி அலசலில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஒரு ஓரத்தில் மட்டும் என்றால் பிரஷ் நாசியில் ஒன்று அடைத்திருக்கும். தையல் ஊசி போதும். முதல் இரண்டு ஜன்னல் சரியாக வந்து மூன்றாவதிலிருந்து கெட்டால் பிரஷில் அழுக்கு ஏறியிருக்கிறது, கீழே இறக்கி அலசுங்கள்.

மாலையில் கழியைப் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். பூட்டுக்குள் போன ஒரு சிட்டிகை மணல் அடுத்த நாள் கழியைக் கீறிக்கொண்டே ஏறும். பம்ப்பின் முன் ஃபில்டர் வலையைக் கழற்றிப் பாருங்கள். குழாயைத் தரையில் இழுத்துச் சுற்றாமல் தோளில் வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டுங்கள். வைப்பர் ரப்பரைத் தாழ்வாகத் தொங்கவிடாதீர்கள், எலி கடிக்கும்.